மூன்று மில்லிமீட்டர் மாயம்

கதவில் சாக்பீஸால் எழுதியிருக்கிறார்கள்: ‘தட்டிவிட்டு வரவும்.’ தட்டினேன். யாருக்கும் கேட்கவில்லை. உள்ளே கம்ப்ரசர் போடுகிற கூச்சலில் கோயில் மணியை அடித்தாலும் கேட்காது. மெல்லத் தள்ளிக்கொண்டு நுழைந்துவிட்டேன். நீங்களும் என் பின்னாலேயே வாருங்கள். காலடியைப் பார்த்து! ரப்பர் குழாய்கள் சாரைப்பாம்புகள் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன.

நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வகம் இது. நாளைக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கப்போகிறார்கள். இன்று ஒத்திகை. நாடகத்தைவிட ஒப்பனை அறையை எட்டிப் பார்ப்பதில்தான் எனக்கு ஆசை அதிகம். இந்த ஒப்பனை அறையில் அலங்காரம் செய்துகொள்வது ராக்கெட்டின் வால்பகுதி. நெருப்பு கொப்பளித்து வருமே, அந்த மணி வடிவக் குழல். நாசில்.

“வாங்க, வாங்க. டீ சொல்லவா?” என்கிறார் அண்ணாச்சி. ஆய்வக உதவியாளர். பேராசிரியர் தொடங்கி முதலாண்டுப் பையன் வரைக்கும் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஸ்பேனர். காதில் பூ வைத்ததுபோல் இரண்டு பஞ்சு உருண்டைகள். அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு பழைய அல்வா டப்பாவை இறக்குகிறார். திறந்தால் வெல்வெட் துணி. துணிக்குள் நகைபோல மின்னுகிற பித்தளைத் துண்டு, கட்டைவிரல் நீளம்.

இதுதான் இன்றைய கதாநாயகன். உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் புனல்போல உள்நோக்கிக் குறுகுகிறது. நடுவில் ஓர் இடுப்பு. அதைத் ‘தொண்டை’ என்கிறார்கள். அதற்கப்புறம் மெல்ல விரிகிறது. தொண்டையின் குறுக்களவு 10 மில்லிமீட்டர், வெளிவாய் 13 மில்லிமீட்டர். வித்தியாசம் மூன்றே மூன்று மில்லிமீட்டர்! அந்த மூன்று மில்லிமீட்டர் இல்லாவிட்டால் காற்று ஒலியின் வேகத்தோடு நின்றுவிடும். இருந்தால், வாயைவிட்டு வரும்போது ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம். ‘மாக் 2’ என்று எழுதி டப்பாவின் மூடியில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஜன்னலோரம் நின்று ஒருவன் குழாய் இணைப்புகளுக்கெல்லாம் நுரை தடவிக்கொண்டிருக்கிறான். சாத்தான்குளத்துப் பையன். கையில் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட், தண்ணீர்க் கிண்ணம், பழைய பெயிண்ட் பிரஷ். காற்று கசிகிற இடத்தில் முட்டை விடும். “அங்கே பாருங்க, மூணாவது மூட்டுல குமிழி!” என்று பக்கத்தில் இருப்பவள் கத்துகிறாள். டெஃப்லான் டேப் வருகிறது, ஸ்பேனர் வருகிறது, அண்ணாச்சியின் முழங்கையும் வருகிறது. குமிழி அடங்கியது. அறை முழுக்க ஷாம்பு வாசனை. விண்வெளிக்குப் போகிற சமாசாரத்துக்கு இப்படியொரு குளியலறை வாசனை இருக்கும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

மூலையில் ஒரு சின்ன மின் அடுப்பு. அதற்குள் தட்டில் நீல நிற மணிகள். சிலிக்கா ஜெல். காற்றிலிருக்கிற ஈரத்தை அவைதான் குடிக்கின்றன. குடித்துக் குடித்து இளஞ்சிவப்பாகிவிட்டால் அண்ணாச்சி அடுப்பில் வைத்து வறுத்து, மறுபடி நீலமாக்கி, உலர்த்தும் குடுவையில் கொட்டுவார். “ரவை வறுக்கிற பக்குவம்தான். தீ கூடிரப்படாது” என்கிறார். எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? பித்தளை வாயைவிட்டு வெளியேறும்போது காற்றின் குளிர்ச்சி சுமார் மைனஸ் 105 டிகிரி. நம்புங்கள், வேர்த்து ஒழுகுகிற இதே அறையில்தான்! காற்று தன் வெப்பத்தைச் செலவழித்துத்தான் வேகத்தை வாங்குகிறது. அந்தக் குளிரில் துளி ஈரம் இருந்தாலும் வெண்பனியாய்த் திரண்டு, பார்க்க வேண்டியதை மறைத்துவிடும். இது ஆடி மாதம். வெளியே சாரல். அண்ணாச்சிக்கு வறுவல் வேலை ஓயவில்லை.

இங்கே ஒரு நிமிடம் ஜன்னல் பக்கம் வாருங்கள். தெற்கே தூரத்தில் காற்றாலைகள் சுழல்வது தெரிகிறதா? ஆரல்வாய்மொழிக் கணவாய். மேற்கிலிருந்து வருகிற காற்று மலைகளுக்கிடையே நெருக்கிக்கொண்டு வரும்போது வேகம் பிடிக்கிறது. அதனால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். இடம் குறுகினால் வேகம் கூடும். தோட்டக் குழாயின் வாயை விரலால் அடைத்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. நாசிலின் முதல் பாதியும் அதையே செய்கிறது.

ஆனால் தொண்டையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்ட அந்தக் கணத்தில் சட்டம் தலைகீழாகிறது. இனி விரிந்தால்தான் வேகம்! முதல்முறை கேட்டபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. இன்று மதுரைப் பெண் ஒருத்தி பிள்ளைகளுக்குச் சொல்லப்போகும் விளக்கத்தை என்னிடம் ஒத்திகை பார்த்தாள். “பஞ்சுப் பொதியை அமுக்கிக் கட்டி வச்சிருப்பாங்கல்ல, கட்டை அவிழ்த்தா என்ன ஆகும்? உப்பி எழும்பி அறையையே அடைச்சுக்கும். காத்தும் அப்படித்தான். மெதுவாப் போறப்போ அது கட்டுப்பட்ட பொதி. ஒலியைத் தாண்டிட்டா உப்பிக்கிட்டே ஓடும். வேகம் கூடுறதைவிட உப்புறது கூடுதல். அப்போ அதுக்குப் பாதை அகலமா வேணும்ல?” கைகளை விரித்துக் காட்டியபோது அவள் வளையல் பிரஷர் கேஜில் மாட்டிக்கொண்டது. சிரிப்பில் அறை அதிர்ந்தது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு பளிச்சென்று நான் படித்ததில்லை.

டீ வந்துவிட்டது. கம்ப்ரசரை நிறுத்தவில்லை. தொட்டி நிறைய முக்கால் மணி நேரமாகும். அந்தக் காற்று தீர்ந்துபோக அரை நிமிடம்! அதனால் இங்கே வாழ்க்கை முழுவதும் காத்திருப்புதான். காத்திருக்கிற நேரத்துக்குத்தான் கதைகள். பேராசிரியர் மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து டீயை ஆற்றுகிறார்.

“இந்த டீயில ஊத்தின பாலுக்கும் அந்த நாசிலுக்கும் உறவு உண்டு, தெரியுமா?” என்று கண்ணைச் சிமிட்டுகிறார். ஸ்வீடன்காரர் குஸ்தாஃப் டி லாவல். பாலிலிருந்து ஏட்டைப் பிரிக்கிற இயந்திரத்தை உண்டாக்கியவர். அது படுவேகமாகச் சுழல வேண்டும். அதற்கேற்ற நீராவிச் சக்கரம் செய்யப்போய், நீராவியை எப்படி இன்னும் வேகமாகப் பீச்சுவது என்று தேடினார். 1880-களின் கடைசியில் குறுகி விரியும் இந்தக் குழல் அவர் கையில் பிறந்தது. அவருடைய சக்கரம் நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றியது. இன்றும் உலகமெங்கும் இதற்கு லாவல் நாசில் என்றே பெயர்.

அதை ராக்கெட்டுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கர் ராபர்ட் கோடார்ட். பழைய வெடிமருந்து ராக்கெட்டுகள் எரிபொருளின் ஆற்றலில் இரண்டு விழுக்காட்டைத்தான் உந்துதலாக மாற்றின. மிச்சமெல்லாம் சூடாய், புகையாய்ப் போனது. கோடார்ட் எரியும் அறையைச் செம்மைப்படுத்தி லாவல் குழலை மாட்டியதும் அது 60 விழுக்காட்டைத் தாண்டியது. 1919-ல் அதை எழுதி வெளியிட்டார். 1926 மார்ச் 16 அன்று, அவர் அத்தை வீட்டுப் பண்ணையில், உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் எழும்பியது. “பால்பண்ணையில தொடங்கி முட்டைக்கோஸ் தோட்டத்துல போய் விழுந்த கதை” என்று மேடம் முடிக்கிறார். அந்த ராக்கெட் உண்மையிலேயே முட்டைக்கோஸ் பாத்தியில்தான் விழுந்தது!

அடுத்த மேசைக்குப் போவோம். பித்தளைக் குட்டியின் அண்ணன் இங்கே இருக்கிறான். முழ நீள நாசில். பக்கவாட்டில் வரிசையாக எட்டு ஊசித் துளைகள், எட்டு பிளாஸ்டிக் குழாய்கள், எட்டு கேஜ்கள். கேஜுக்கு ஒருவராக எட்டுப் பேர் நிற்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பரிமாற நிற்பதுபோல அவ்வளவு கவனம். அண்ணாச்சி வால்வை ஒரு மயிரிழை திறக்கிறார். கேஜ் காட்டும் அழுத்தம், அதாவது வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருப்பது, அரை பாருக்கும் குறைவு.

“ஒண்ணு, கொஞ்சம் இறங்குது!” “ரெண்டு, இறங்குது!” “மூணு, அய்யோ, பூஜ்ஜியத்துக்குக் கீழே போகுது!” தொண்டையைத் தாண்டியதும் முள் வெற்றிடத்தின் பக்கம் சாய்கிறது. தள்ளிவிட்ட காற்று, போகிற வழியில் உறிஞ்சுகிறது! நாலு, ஐந்து, இன்னும் கீழே. ஆறாவது கேஜில் நிற்கிற பையன் துள்ளிக் குதிக்கிறான். “இங்க ஏறிடுச்சு! சட்டுனு ஏறிடுச்சு!” ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்தான் அதிர்ச்சி அலை நிற்கிறது. காகிதத்தைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய ஒரு சுவர். அதற்கு முன்னால் ஒலியைவிட வேகம், அதைக் கடந்ததும் ஒலியைவிடக் குறைந்த வேகம்.

வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தார்கள். ஆறாவது முள் தொப்பென்று கீழே விழ, ஏழாவது ஏறியது. சுவர் நகர்கிறது! “உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க” என்று கண்டக்டர் குரலில் ஒருவன் அலையை விரட்ட, கேஜ் பார்க்கிறவர்கள் சிரித்ததில் நாலாம் எண்ணின் கணக்கு விட்டுப்போனது. மேடம் முறைத்தார். அப்புறம் அவரும் சிரித்துவிட்டார்.

இவ்வளவு ஆரவாரத்திலும் தொண்டைக்கு முந்தின கேஜ்களில் வால்வைத் திறந்த அளவுக்குத்தான் மாற்றம். அலை எங்கே நிற்கிறது என்பது அவற்றுக்குத் தெரியவே இல்லை. ஏனென்றால் காற்றில் சேதி ஒலியின் வேகத்தில்தான் போகும். தொண்டையில் ஓட்டமும் அதே வேகம். தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது எதிர்நீச்சல் போட்டால் நின்ற இடத்திலேயே நிற்போமே, அதேபோலச் சேதி தொண்டையில் நின்றுபோகிறது. கீழே என்ன நடந்தாலும் மேலே எட்டாது. மாணவர்கள் இதைச் ‘சோக் ஆயிடுச்சு’ என்கிறார்கள். தொண்டை அடைத்துக்கொண்டதாம்! எவ்வளவு பொருத்தமான பெயர்.

சரி, இப்போதுதான் நான் காத்துக்கொண்டிருந்த காட்சி. இருட்டறை. கறுப்புத் துணியை விலக்கி ஒவ்வொருவராக உள்ளே வாருங்கள். இரண்டு குழிந்த கண்ணாடிகள் எதிரெதிரே. ஒரு விளக்கு, ஒரு சின்னப் பிளவு, ஒரு கேமரா. கேமராவுக்கு முன்னால் ஒளி குவியுமிடத்தில் களிமண்ணில் நட்டிருப்பது என்ன தெரியுமா? பாதியாக உடைத்த சவர பிளேடு! இதற்கு ஷ்லீரன் முறை என்று பெயர். ஜெர்மானியர் ஆகுஸ்ட் டோப்லர் 1864-ல் உருவாக்கியது. கண்ணுக்குத் தெரியாத காற்றின் அடர்த்தி மாற்றத்தை ஒளியும் நிழலுமாகக் காட்டிவிடும். சீறிப் போகிற துப்பாக்கிக் குண்டின் முன்னால் எழும் அலையை எர்ன்ஸ்ட் மாக் 1887-ல் உலகுக்குக் காட்டிய படம், இந்த முறையில் எடுத்ததுதான்.

“கையை நடுவுல காட்டுங்க” என்றாள் மதுரைக்காரி. காட்டினேன். திரையில் என் கை கறுப்பு நிழல். அதன் விரல்களிலிருந்து கூந்தல்போல ஏதோ அலைந்து அலைந்து மேலே போகிறது. என் உடம்புச் சூடு! ஐம்பது வருடமாக என்னோடு இருக்கிற சூட்டை இன்றுதான் கண்ணால் பார்த்தேன். அண்ணாச்சி தன் டீ டம்ளரை நீட்டினார். அதிலிருந்து ஒரு காடே எழுந்தது. நாளைக்குப் பிள்ளைகள் இந்த இடத்தைவிட்டு நகரவே மாட்டார்கள் பாருங்கள்.

பித்தளைக் குட்டியை மாட்டியாயிற்று. முதல் ஓட்டத்தில் ஒரு குற்றம். ஜெட்டின் ஓரத்தில் தலைமுடி விழுந்ததுபோல் ஒரு கோடு. “வாயில பிசிறு” என்று அண்ணாச்சி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். கழற்றி, பாலிஷ் பசையும் வேட்டித் துணியுமாக உட்கார்ந்து கால் மணி நேரம் தேய்த்தார். நகத்தால் தடவினாலும் எனக்குத் தட்டுப்படாத பிசிறு அது. ஒலியைத் தாண்டிய காற்று எதையும் மன்னிக்காது, அத்தனையையும் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

மறுபடி தொட்டி நிறைய முக்கால் மணி நேரம். சட்டையெல்லாம் முதுகோடு ஒட்டிவிட்டது. மின்விசிறி போடக்கூடாது, படம் கலங்கிவிடும். யாரும் வெளியே போகவில்லை.

“காதை மூடுங்க!” அண்ணாச்சி எனக்கும் இரண்டு பஞ்சு உருண்டை கொடுத்தார். ஐந்து பார். வால்வு திறந்தது. முதலில் வருவது சத்தமில்லை, நெஞ்சுக்கூட்டில் ஓர் அடி. அப்புறம் ஒரு கிறீச். பல்லெல்லாம் கூசுகிறது. திரையைப் பார்த்தால்... வைரங்கள்! நாசில் வாயிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக, மாலை கோத்ததுபோல. ராக்கெட் நெருப்பில் பளபளக்கிற அதே வைரங்கள், எரிபொருள் ஒரு துளியும் இல்லாமல் வெறுங்காற்றில்!

நொடிக்கு 500 மீட்டரைத் தாண்டிய வேகம். அதே வேகத்தில் போனால் நெல்லையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரண்டரை நிமிடம். அரை நிமிடத்தில் தொட்டி அடங்கியது. யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினோம்.

அப்போதுதான் மேடம் ஒரு ரகசியம் சொன்னார். “அந்த வைரம் தெரிஞ்சா நாசில் சரியா ஒத்துப்போகலைன்னு அர்த்தம்.” வெளியேறும் காற்றின் அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் போடுகிற சண்டைதான் வைரமாகத் தெரிகிறது; இரண்டும் ஒன்றாக இருந்தால் சண்டையே கிடையாது. இந்தக் குட்டிக்கு அது ஏழு பாருக்குச் சற்றுக் குறைவான இடத்தில் அமைகிறது. அடுத்த ஓட்டத்தில் அங்கே கொண்டுபோய்க் காட்டினார்கள். வைரங்கள் மங்கி, ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத நேரான ஓட்டம். பொறியாளருக்கு அதுதான் அழகு. பிள்ளைகளுக்காக நாளைக்கு ஐந்து பாரிலேயே ஓட்டுவது என்று முடிவாயிற்று. நல்ல முடிவு. முதலில் கண் விரியட்டும், பாடம் பின்னால் வரட்டும்.

மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார்கள். மேற்கே மலை. மகேந்திரகிரி. இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் அந்த அடிவாரத்தில்தான் இருக்கிறது. சந்திரயான்-3 ஏறிப்போன எல்விஎம்-3 ராக்கெட்டின் மேல்நிலையில் இருக்கும் சிஇ-20 இன்ஜினுக்கு அங்கேதான் சோதனை நடக்கிறது. அந்த இன்ஜினின் நாசில் பரப்பில் நூறு மடங்கு விரிகிறது. தொண்டையைவிட வாய் பத்து மடங்கு அகலம்! வெற்றிடத்தில் ஓடுவதற்காக அப்படிச் செய்தது. வாயைவிட்டு வரும் வாயுவின் அழுத்தம் 50 மில்லிபார்தான். தரையில் நம்மைச் சுற்றியிருக்கும் காற்று அதைப்போல் இருபது மடங்கு. அதைத் தரைமட்டத்தில் எரித்தால் வெளிக்காற்று உள்ளே நெருக்கி, ஓட்டம் சுவரைவிட்டுப் பிய்த்துக்கொண்டு, நாசிலையே உலுக்கி எடுத்துவிடும். கீழே திரையில் நான் பார்த்த அதே சண்டை, பூதாகாரமாக. வழக்கமாக இதற்கு வெற்றிடத்தை உண்டாக்கும் பெரிய சோதனைக்கூடம் வேண்டும். நாசிலுக்கு ஒரு புதுக் காப்பமைப்பு செய்து, 2024 நவம்பர் 29 அன்று, தரைமட்டத்திலேயே அந்த இன்ஜினை எரித்துக் காட்டினார்கள் மகேந்திரகிரிக்காரர்கள்.

“எங்க மேசையில மூணு மில்லிமீட்டர், அங்க அம்மாம் பெருசு. கணக்கு ஒண்ணுதான்” என்று மலையைப் பார்த்தபடி சொன்னான் சாத்தான்குளத்துப் பையன். அவன் கைகளில் இன்னும் ஷாம்பு நுரை காயவில்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் இப்படியொரு ஆய்வகம் இருக்கும். வருடத்தில் ஒரு நாளாவது திறந்துவைப்பார்கள். விசாரித்து, வீட்டுப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். மறக்காமல் காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள்.